ஒரு சம்பாப் போகம்

தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் கல்யாணம் நடக்கிறது. ஆனால் மாப்பிள்ளைக்குப் பல் விழுந்து, பெண்ணுக்குக் கூந்தல் பஞ்சாய் வெளுத்திருக்க, பிள்ளைகளும் பெண்களும் பேரன் பேத்திகளும் சுற்றி நின்று தாலி எடுத்துக் கொடுக்கிற கல்யாணத்தைத் தினந்தோறும் பார்க்க வேண்டுமானால் திருக்கடையூருக்குத்தான் போக வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே, செம்பொனார்கோயில், ஆக்கூர் வழியாக, இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். பழைய மனிதர்கள் மயிலாடுதுறை என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது என்றும் மாயவரந்தான். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ஆம் ஆண்டு முதல் ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. திருக்கடையூரிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போகும். 1986-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்ஸும் காரும் வேனுந்தான்.

நான் போனது ஆவணி மாதத்தில். சாலைக்கு இரு புறமும் பச்சை. அதிலும் ஒரே பச்சை அல்ல. குறுவை கதிர் வாங்கிப் பழுக்கத் தொடங்கிய வயலில் மஞ்சள் கலந்த பச்சை. பக்கத்திலேயே சம்பாவுக்கு விட்ட நாற்றங்காலில் கிளிக்குஞ்சின் பச்சை. காவேரியின் கடைமடைப் பிரதேசம் இது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்துவிட்டால் மனிதர்கள் முகத்தில் தெரிகிற சந்தோஷமே தனி!

அமிர்த கலசம் லிங்கமாக அமர்ந்த இடம் என்பது தல புராணம். அதனால் சுவாமிக்கு அமிர்தகடேசுவரர் என்று பெயர். பதினாறே வயது என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயன் இங்கேதான் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டானாம். பாசக் கயிற்றை வீசிய எமனைச் சுவாமி காலால் உதைத்தாராம். அட்ட வீரட்டத் தலங்களில் இதுவும் ஒன்று. எமனே உதை வாங்கிய ஊர் என்பதால்தான் அறுபது நிறைந்தவர்களும், எழுபதைத் தொட்டவர்களும், ஆயிரம் பிறை கண்ட எண்பது வயதுத் தம்பதிகளும் இங்கே வந்து மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அபிராமி சந்நிதியில் நின்றால், தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டுச் சரபோஜி மன்னருக்கு முன் தவித்த அபிராமி பட்டரின் கதையைச் சொல்லாத வாய் கிடையாது.

பந்தியில் கேட்ட வழக்கு

பிராகாரத்தில் அன்றைக்கு மட்டும் பல ஜோடிகள். கஜ பூஜையும் கோ பூஜையும் முடிந்து, கும்பத்துத் தண்ணீரை மூத்த தம்பதிகளின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். செம்பொனார்கோயில் பக்கத்துக் குடியானவர் குடும்பம் ஒன்று, "எங்க தாத்தாவுக்குச் சதாபிஷேகம். சாப்பிடாமப் போகக் கூடாது" என்று என்னைக் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார்த்திவிட்டது. பத்திரிகைக்காரிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பாயசம் வருகிற சமயத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்த வீட்டுப் பேத்தி பொறியியல் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். அவளுடைய கல்லூரியும் டென்மார்க்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் விமானம். ஆனால், ஆடி மாதத்தில் தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து எழுந்து வந்திருக்கிறார். போவதா, வேண்டாமா என்பதுதான் பந்தியில் நடந்த வழக்கு.

பெரியப்பாவின் கட்சி இது: "அஞ்சு மாசத்துல இங்க ஏதாவது ஒண்ணுன்னா அவ ஓடி வர முடியுமா? தாத்தா தூக்கி வளத்த புள்ள. படிப்பு இங்கேயே இருக்கு."

அந்தப் பெண் பதில் பேசவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மனசு பாதி அந்தப் பக்கந்தான் என்று எனக்குத் தோன்றியது. தாத்தாவோ, கழுத்தில் மாலையோடு, தமக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டி மட்டும் எழுந்தாள். "சாப்பாட்டுல வச்சு என்ன பேச்சு? வேனை எடுங்க. டென்மார்க்குக்குப் போறவ, டென்மார்க்காரன் கோட்டையப் பாக்க வேணாமா?" என்றாள். எனக்கும் வேனில் ஓர் இடம் கிடைத்தது.

கடலோரத்து டென்மார்க்

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடிக்கு எட்டு கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். 1792-ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்ததும் சட்டென்று வேறு தேசத்துக்கு வந்துவிட்டாற்போல் இருக்கிறது. அகலமான ராஜ வீதி. கனத்த தூண்கள் வைத்த வெள்ளை வீடுகள். வீதி முடிகிற இடத்தில் கடல். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு இங்கே வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார். மிளகுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள். அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள சிராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

கோட்டைக்குச் சற்று வடக்கே, அலை அடிக்கிற இடத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. பாதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை இந்தக் கரையைத்தான் அறைந்தது என்பதை நினைத்தால் கடலைப் பார்க்கிற பார்வையே மாறிப்போகிறது.

ஆனால் நான் அவர்களை அழைத்துப் போனது கோட்டைக்கு அல்ல. ராஜ வீதியிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்கு. 1718-ல் கட்டியது. அங்கே ஒரு ஜெர்மானியர் அடக்கமாகியிருக்கிறார். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவரைப் பாதிரியார் என்றும் அச்சுக்கூடம் வைத்தவர் என்றும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வெளிநாட்டில் போய்ப் படித்த மாணவர் என்ற முறையில்தான் எனக்கு அவர் மேல் பிரியம் அதிகம்.

மணலில் எழுதிய மாணவர்

கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் மிதந்து, 1706 ஜூலை 9-ஆம் தேதி அவர் இந்தக் கரையில் இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைகிறது. தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கெஞ்சி, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். பிறகு, மூக்கு ஒழுகும் பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் "அ, ஆ" எழுதினார்!

கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர், அதுவும் பட்டணத்தில் படித்தவர், ஐந்து வயதுப் பையன்களுக்குச் சமமாக மணலில் உட்கார்ந்த காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அழகப்பன் என்று ஒரு துபாஷி. போர்த்துகீசியம், டச்சு, டேனிஷ், ஜெர்மன் எல்லாம் அறிந்தவர். அவர் பேச்சைச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியார் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஆட்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, புருஷனை இழந்த பிராமணப் பெண்களிடம் பரணில் கிடந்த ஓலைச் சுவடிகளை விலைக்கு வாங்கிவரச் செய்தார். வந்து இரண்டே வருஷத்தில், 1708-ல், தாம் சேர்த்த 119 தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார்.

படிக்க வந்தவரை ஊர் எப்படி மாற்றிவிடுகிறது பாருங்கள்! தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் ஒரு பெரிய நூலே எழுதினார். அவரை அனுப்பிய ஹாலே நகரத்துப் பெரியவர் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. "இதற்காகவா உங்களை அனுப்பினோம்?" என்கிற பாவம். அந்த நூல் ஐரோப்பாவில் அச்சேறாமலே கிடந்து, 1867-ல்தான் சென்னையில் வெளியாயிற்று. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, "ஏன் இப்படி மாறிப்போனாய்?" என்று கேட்கும் பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள்!

இங்கிருந்து போன மாணவர்

பரிவர்த்தனை என்றால் இரு பக்கமும் இருக்க வேண்டும் அல்லவா? இங்கிருந்தும் ஒருவர் போனார். அவர் பெயர் மலையப்பன். தமிழ் இளைஞர். ஜெர்மன் மொழி கற்றவர். 1714 அக்டோபரில் சீகன்பால்கு ஊருக்குத் திரும்பியபோது அவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்த வருஷம் கோடையில் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

கப்பல் பயணத்திலும் சும்மா இருக்கவில்லை. மொழிபெயர்ப்பு வேலை நடந்தது. ஐரோப்பியர் தமிழ் கற்றுக்கொள்வதற்கான இலக்கணம் ஒன்றும் உருவாயிற்று. லத்தீன் மொழியில் விளக்கம் எழுதி, நடு நடுவே தமிழ் எழுத்துகளைக் கோத்து, 1716-ல் ஹாலே நகரத்தில் அச்சிட்டார்கள். 'கிராமாட்டிக்கா தமுலிக்கா' என்று அதற்குப் பெயர். அந்த வேலைக்கு அருகிலேயே, காது கொடுத்துக் கேட்டுத் திருத்துவதற்கு ஒரு தமிழ் நாக்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. லண்டனில் கிறிஸ்துவ அறிவு விருத்திச் சங்கத்தார் லத்தீனில் வரவேற்புப் படித்தபோது, சீகன்பால்கு தமிழிலேயே பதில் சொன்னாராம். இங்கே மணலில் எழுதிப் படித்த தமிழ்!

1716 ஆகஸ்டில் அவர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். மலையப்பன் தரங்கம்பாடி திரும்பி இங்கேயே பணி புரிந்தார். சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் காலமானார், வயது முப்பத்தாறுதான். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே உறங்குகிறார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும், கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. பாட்டிதான் கேட்டாள்: "ஏம்மா, அந்த மலையப்பன் போனானே, அவன் ஆத்தா எப்படி இருந்திருப்பா? கடுதாசியாவது வருமா?"

"கப்பல் வந்தால்தானே கடிதம்? வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் பாட்டி."

"ரெண்டு வருஷம்!" என்று பாட்டி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாட்டியின் தீர்ப்பு

கோட்டைக்கு எதிரே கடற்கரைத் திட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியப்பா மறுபடியும் ஆரம்பித்தார். பாட்டி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினேன். அது உங்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. திருச்சியில காலேஜில சேர எடம் வந்துது. ஆஸ்டல்ல தங்கணும்னாங்க. எங்க அப்பாரு, பொம்பளப் புள்ளய அத்தன தூரம் விட மாட்டேன்னுட்டாரு. அப்ப எங்க அப்பத்தாவுக்கும் ஒடம்பு சரியில்ல. அதையும் ஒரு காரணமாச் சொன்னாங்க. அப்பத்தா அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாங்க. எனக்கு அடுத்த தையில கல்யாணம். இதோ, இந்த ஊர் ரயில்லதான் மறுவீட்டுக்கு வந்தேன். நான் அத்தன தூரம் போனது அம்புட்டுத்தான்."

குரலில் வருத்தம்கூட இல்லை. கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். பேத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாயி, தாத்தாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

இந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து ஒருவரும் வாய் விட்டுக் கேட்கவில்லை. எமனை உதைத்த கோயிலில் நின்றுகொண்டு கேட்கக் கூசியிருப்பார்கள்.

"ஆகாதுன்னு நான் உறுதி சொல்ல முடியாது தாயி. நீ இங்க உக்காந்திருந்தாலும் முடியாது. எம்பது வயசு மனுசன். ஆனா அவரப் பாத்துக்க நான் இருக்கேன், ஒங்கப்பன் இருக்கான், இந்தா கத்துறானே ஒங்க பெரியப்பன், அவன் இருக்கான். ஒனக்குப் பதிலா அங்க போய்ப் படிக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல." பிறகு வயல் பக்கம் திரும்பிக் கை காட்டினாள். "வர்ற வழியில நாத்தங்கால் பாத்தியே, சி.ஆர். ஆயிரத்தொம்பது. நூத்தம்பது, நூத்தறுபது நாள் பயிரு. நாத்து விடுறப்ப நீ போற, அறுப்புக்கு வந்துடுவ. ஒரு சம்பாப் போகம். அது நமக்குத் தெரியாத காலமா?"

பெரியப்பா கடலைப் பார்க்கத் தொடங்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை வாயே திறக்காத தாத்தா, "அங்க நெல்லு உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா. கோதுமையும் பார்லியுந்தான்."

"அப்ப அரிசி ரெண்டு கிலோ எடுத்துட்டுப் போ" என்றார். அவருடைய தீர்ப்பு அவ்வளவுதான்!

வீட்டுப் பெரியவர்களுக்கு

நம் நேயர்கள் வீடுகளிலும் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. ஆகையால் அந்தப் பெண்ணிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன்.

பரிவர்த்தனை மாணவராகப் போவதும், முழுப் பட்டத்துக்காகப் போவதும் ஒன்றல்ல. முன்னதில் பட்டம் நம் ஊர்க் கல்லூரியுடையதுதான். இரு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்தால், பொதுவாகப் படிப்புக் கட்டணத்தை இங்கே வழக்கம்போல் கட்டினால் போதும். அங்கே தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விமானக் கட்டணம், விசா, இன்ஷூரன்ஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் கைப்பணம். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 30 புள்ளிகள் என்று கணக்கு. அந்தப் பாடங்களை இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பார்கள் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு கேட்டால் வீண் அலைச்சல். சில சமயம் ஒரு வருஷமே நஷ்டம்! ஐரோப்பியர் தங்களுக்குள் இப்படி மாணவர்களை மாற்றிக்கொள்ள 1987-ல் 'எராஸ்மஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இப்போது அதில் நம் மாணவர்களுக்கும் உதவித் தொகை பெற வழி இருக்கிறது. கல்லூரியின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னொன்று, குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள்; இருட்டைப் பற்றி எச்சரிக்க மாட்டார்கள். டிசம்பரில் டென்மார்க்கில் மாலை 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். காலை எட்டரை மணிக்குத்தான் விடியும். நம் வெயிலிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு மனசு வாடுவது அப்போதுதான். தீபாவளியும் பொங்கலும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்கிற அம்மா, எந்த நேரத்தில் பேசுவது என்பதையும் முடிவு செய்து அனுப்புவது நல்லது.

இதை நான் வேனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாட்டி முன் இருக்கையிலிருந்து திரும்பினாள்.

"அங்க நாலு மணின்னா இங்க எத்தனை மணி?"

"குளிர் காலத்துல எட்டரை, அப்பாயி."

பாட்டி ஒரு கணம் யோசித்தாள்.

"சரி. தாத்தா சாப்பிட்டுட்டு மாத்திரை போடுற நேரம். அப்பவே கூப்பிடு."